ஒரு நாள் முந்திப் பெய்த மழை

1. வரைபடம் வந்த காலை

காலை பத்தரை மணிக்கு உதவி இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர். டெல்லிக்கு வந்து இருபது வருடம் ஆகியும் கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் காட்டுவார். அவருடைய திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று, நாங்கள் கணினியில் ஏற்றியிருந்த ஒரு பழைய துறைமுக ஊரின் மழை. மற்றது பக்கத்து ஊரின் மழை. துறைமுக ஊரில் எல்லா மழையும் ஒரு நாள் முந்திப் பெய்திருந்தது. ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, பல வருடங்களுக்கு.

“என்னங்க மேடம் இது? மேகம் முன்கூட்டியே ரிசர்வேஷன் பண்ணிட்டு வந்துச்சுங்களா?”

சிரிக்கிற மனநிலையில் நான் இல்லை. டெல்லியில், பழைய வானிலைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் அரசுப் பிரிவில் எனக்கு சூப்பரின்டெண்டெண்ட் வேலை. பெயர்தான் பெரிது. மற்றவர்கள் அடித்த எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவே. வெள்ளைக்காரர்கள் கோட்டை கட்டிக் குடியேறிய அந்தச் சின்னத் துறைமுக ஊரில் மழைமானியைப் பார்த்துக்கொண்டவர் அவர்களுடைய டாக்டர். அவர் கைப்பட எழுதிய பதிவேட்டின் ஸ்கேன் இடது திரையில் இருக்கும். வலது திரையில் எக்செல். ஆபரேட்டர்கள் இடதைப் பார்த்து வலதில் அடிக்க வேண்டும். நாள் முழுக்க அடித்தால் கண்ணில் புளியைக் கரைத்து ஊற்றியது போல இருக்கும்.

இந்த வேலையில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. முப்பத்தொரு வரி கொண்ட தாளில் கண் ஒரு வரி நழுவிவிடும். அதன்பின் எல்லா எண்களும் ஒரு கட்டம் மேலோ கீழோ போய் உட்காரும். நூறு முறை பார்த்திருக்கிறேன். அதனால் யோசிக்கவே இல்லை.

“வரி நழுவியிருக்கும் சார்.”

“அடிச்சது யாருங்க?”

“ஸ்டெல்லா.”

மூல ஸ்கேனைத் திறந்து பார்க்கவில்லை. எண்களை ஒரு கட்டம் கீழே இறக்கினேன். இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டன. ரிமார்க்ஸ் கட்டத்தில் ‘ஆபரேட்டர் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லா நாகர்கோவில் பெண். ஒப்பந்த ஆபரேட்டர். டெல்லியில் முனிர்கா பகுதியில் மூன்றாம் மாடியில் ஓர் அறையில் இருந்தாள். ஒப்பந்தக்காரர்களுக்கு வருடம் ஒருமுறை புதுப்பிப்பு. பெரிய பிழை ஒன்று பெயரில் ஏறினால் பட்டியலில் பெயர் வராது. அந்தப் பட்டியல் அடுத்த வாரம் போக இருந்தது. விஷயம் தெரிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள்.

“மேடம், வரி நழுவியிருந்தா மாசக் கடைசிக் கட்டம் காலியால்லா இருக்கணும்? எல்லா மாசமும் நெறஞ்சுல்லா கெடக்கு. அத்தன வருசமும் ஒரே மாதிரி நழுவுகதுக்கு நான் என்ன மெஷினா?”

அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. முப்பது வருட அனுபவம் உள்ள எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. நான் சொன்ன பதில் இது:

“ஃபைல் மேல போயிருச்சும்மா. இப்போ என்ன பண்ணச் சொல்றே?”

அவள் போய் அடுத்த பதிவேட்டைத் திறந்தாள்.

2. கச்சேரி வாசலில் ஒட்டியவை

அதே ஊரின் பொது அறிவிப்புகளும் ஒரு தடித்த தொகுப்பாக எங்களிடம் இருந்தன. அந்தக் காலத்தில் கச்சேரி என்று அழைத்த அரசு அலுவலகத்தின் வாசலில் ஒட்டுவதற்காக ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சடித்தவை. பிரிவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் அதிகாரி, ஒருத்தி ஆபரேட்டர். ஆகவே அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்தது.

தெருவில் திரியும் நாய் சுடப்படும். குளத்தில் மாடு குளிப்பாட்டினால் தண்டனை. கோட்டைக்கு அருகே ஓலைக்கூரை கூடாது. ஊரை ஆண்டவர்களுக்கு எதைத் தடுக்கலாம் என்பதைத் தவிர வேறு சிந்தனை இருந்ததாகவே தெரியவில்லை. அலுப்பாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். மறு வாரம் புதன்கிழமை மதியம் மழைக்கணக்கைப் பற்றிய அறிவிப்பு ஒன்று கண்ணில் பட்டது.

டாக்டர் தினமும் காலையில் மழையை அளந்து, அளந்த நாளின் தேதியிலேயே எழுதிக் கச்சேரி வாசலில் ஒட்டச் செய்வார். அதுதான் முறை, இன்றும் அதுதான். திங்கள் பகலில் பெய்த மழை செவ்வாய்க் கணக்கில் வரும். சரக்கு நனைந்து தகராறு வந்தபோது வியாபாரிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மழை பெய்தது திங்கள், வாசலில் ஒட்டியிருப்பது செவ்வாய், எதை நம்புவது என்று கேட்டார்கள். ஊர் மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். இனிமேல் காலையில் அளக்கும் மழையை முந்திய நாளின் பெயரிலேயே எழுத வேண்டும். பக்கத்து ஊருக்கு இந்த உத்தரவு இல்லை.

முதல் முறையாக மூல ஸ்கேனைத் திறந்தேன். உத்தரவு வந்த நாளிலிருந்து டாக்டர் அப்படியே எழுதியிருந்தார். ஸ்டெல்லா அதை அப்படியே அடித்திருந்தாள். ஒரு வரி பிசகவில்லை.

அன்றே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அறிவிப்பை ஒரு பிரதி எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தேன். ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. மூலத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது யார் என்று மெமோ வரும். பயம்தான், வேறொன்றும் இல்லை. எங்கள் பிரிவில் எந்தப் பட்டியலும் சொன்ன நாளில் போனது கிடையாது, பொறுத்துச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பட்டியல் மட்டும் சொன்னபடி வெள்ளிக்கிழமை போய்விட்டது. ஸ்டெல்லாவின் பெயர் அதில் இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் துவாரகா பகுதியில் இருக்கும் என் வீட்டில் யார் கேட்டதற்கும் எரிந்து விழுந்தேன். திங்கள் காலை பிரதியைக் கொண்டுபோய் உதவி இயக்குநர் முன் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

“நீங்க ஒரு கட்டம் இறக்குனது இப்பவும் சரிதானுங்களே மேடம்? டேட்டா கரெக்டா இருக்குது. காரணம் எதுவா இருந்தா என்னங்க?”

“காரணத்துல ஒரு பொண்ணோட பேர் இருக்கே சார்.”

“இப்பப் போயி எழுதுனா உங்களத்தான் கேப்பாங்க. நல்லபடியா ரிட்டயர் ஆகுங்க.”

அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். ‘பிழை ஆபரேட்டருடையது அல்ல, சரிபார்த்தவருடையது. அறிவிப்புத் தொகுப்பிலிருந்து இன்று தெரியவந்தது.’ கீழே திங்கள்கிழமைத் தேதி.

3. முனிர்கா, மூன்றாம் மாடி

மாலையில் அறிவிப்பின் பிரதியோடும் அந்தக் குறிப்பின் நகலோடும் முனிர்காவுக்குப் போனேன். இரண்டு ஆள் எதிரெதிரே வர முடியாத படிக்கட்டு. மேலே போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. புதன்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாளாம், அறையையும் வேறு ஒரு பெண்ணுக்குச் சொல்லியாகிவிட்டதாம். ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றபடியே படித்தாள். அறிவிப்பை முதலில் படித்தாள். அவள் முகம் தெளிந்தது.

“நான் சொன்னம்லா மேடம்? வரி நழுவலன்னு சொன்னம்லா?”

“சொன்னே. நான்தான் கேக்கலை.”

பிறகு என் குறிப்பைப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

“இன்னைக்குத்தான் கெடச்சுதா மேடம்?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். காகிதத்தில் அப்படித்தானே இருந்தது. ஆனால் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தவள் மூன்று வருடம் என் பிரிவில் ஒரு எண்ணையும் மாற்றி அடிக்காதவள்.

“இல்லைம்மா. புதன்கிழமை.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நாள் இருந்திருக்கே மேடம்,” என்றாள். தாள்களை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுத் துணி மடிக்கத் திரும்பினாள்.

மறுநாள் காலை இன்னொரு குறிப்பு எழுதிக் கோப்பில் சேர்த்தேன். கண்டது புதன், எழுதியது திங்கள், இடையில் சொல்லாமல் இருந்தது நான். எதிர்பார்த்த மெமோ வந்தது. பதில் எழுதினேன். ஓய்வுபெறும் நாள் வரை அது என் கோப்பில் இருந்தது. ஸ்டெல்லாவின் பெயரை மறுபடியும் சேர்க்கச் சொல்லி நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. போன் செய்தேன். ஊரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். திரும்பி வருகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருவர் பெயரில் பிழை என்று எழுதும் முன் மூலத்தைத் திறந்து பாருங்கள். இதை எந்த சூப்பரின்டெண்டெண்டும் சொல்லிவிடுவார். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இன்னொன்று. உங்கள் தப்பு உங்களுக்குத் தெரியவரும் அன்றே போய்ச் சொல்லிவிடுங்கள். ஐந்து நாள் கழித்து நான் சொன்னதும் உண்மைதான். அவளுக்கு அது எதற்கும் உதவவில்லை.