ஷாமினி தின்ற காலாள்கள்

பனித்தெருவின் உப்புச் சேறும் நனைந்த கம்பளியும் ஹீற்றர் சூட்டில் சேர்ந்து அவிகிற ஒரு நெடி உண்டு. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் மாரிகாலச் செஸ் போட்டிகள் நடந்த நிலவறை மண்டபங்களுக்கெல்லாம் அதுதான் வாசம். பெண்பிள்ளைகளுக்கான போட்டியொன்றில், பதின்மூன்று வயதில், நான் ஷாமினியை முதன்முதலாக வென்றது அந்த நெடிக்குள்தான். அவள் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் எங்கள் மாடியிலேயே இருந்துவிட்டு, புறநகரான பிக்கரிங்கில் வீடு வாங்கிப் போனவர்களின் மகள்.

அடுத்த கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில், எல்லோருக்கும் கேட்க அவள் என் அம்மாவிடம் சொன்னாள்: "பாவம் எண்டு நான்தான் விட்டுக்குடுத்தனான், அன்ரி." சனம் சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபடி, "உவள் சொன்னது உண்மையோடி?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. நான் அழுததைப் பார்த்து, "அப்ப திரும்ப வெல்லு. வாயால சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றார்.

ஒரு வருடம் காத்திருந்தேன். கிடைத்ததை வெட்டாமல் விடுகிற பழக்கம் ஷாமினிக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே, தொடக்கத்திலேயே காலாள்களைத் தீனியாகப் போடுகிற 'டேனிஷ் கம்பிற்' என்ற ஆட்டத்தை நூலகப் புத்தகத்தில் தேடிப் பிடித்து, அவளுக்காகவே பழகினேன்.

மறு மாரியில் அவள் எதிரே வந்து இருந்தாள். ஒன்றின் பின் ஒன்றாக என் காலாள்களை வெட்டியவள், நான் தீனியாக வைத்த கடைசிக் காலாளை வெட்டுமுன் பழைய இரக்கத்தோடு பார்த்து, "உதையும் எடுக்கட்டோ?" என்று குசுகுசுத்தாள்.

"எடு."

எடுத்தாள். அவள் தின்றுகொண்டிருந்த நேரத்தில் என் பிஷப்புகள் இரண்டும் அடுத்தடுத்த மூலைக்கோடுகளில் வந்து நின்று அவள் பக்கத்தைக் குறிபார்த்தன. அவளுடைய குதிரைகள்கூட இன்னும் எழும்பவில்லை. ராசா நடுவில் அகப்பட்டது, ராணி போனது. தோல்வியை ஒப்புக்கொள்ள அவள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நின்ற அவளுடைய தாய்க்கும் கேட்கும்படி கேட்டேன்: "இண்டைக்கும் பாவம் பாத்தனியோ?" அவள் அழுதாள். எனக்கு இனித்தது. வீடு திரும்பிய சப்வே ரயிலில் அம்மா, "காணும், இனி விடு" என்றார். நான் விடவில்லை.

அந்த மண்டபம் இன்று இல்லை. அந்த இடத்தில் கொண்டோ மாடிக் கட்டடம் நிற்கிறது. போன மாதம் ஸ்காபரோத் தமிழ்க் கடையில், உறைமீன் பெட்டியடியில் ஷாமினியைக் கண்டேன். அன்பாகத்தான் கதைத்தாள். "நாங்கள் செஸ் விளையாடினனாங்களோ? எனக்கு ஒண்டும் ஞாபகமில்லையடி" என்றாள்.

அவளுடைய சாமான் வண்டிலை இறுக்கிப் பிடித்தேன்.

"பிள்ளையளை எடுக்கப் போகவேணும்…"

"போகலாம், நில். முதல்ல நான் ராசாவுக்கு முன்னால நிண்ட காலாளை நகர்த்தினன்…"