எட்டு மாத அரிசி

இன்று நெல்லூரிலிருந்து ராயபுரம் திரும்பும்போது, ஆந்திர எல்லையில் எங்கள் காரை யாரும் நிறுத்தவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

எழுபதுகளில் இதே வழியில் அப்பா ஓட்டிய டாக்சியில் வந்தவள் அவள். அப்போது பெர்மிட் இல்லாமல் ஆந்திர அரிசி கொண்டுவரக் கூடாது. அரிசிப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு கர்ப்பிணிபோல வருகிற பெண்கள் உண்டு. அம்மாவின் வயிற்றைப் பார்த்ததும் செக்போஸ்ட் போலீஸ்காரர் கேட்டிருக்கிறார்:

“எத்தினி படிம்மா?”

“படி இல்ல நைனா, எட்டு மாசம்.”

அந்த நேரம் பார்த்து நான் உதைத்தேனாம். புடவை அசைந்ததைப் பார்த்த மனுஷன் கூசிப்போய், தன் கூஜாவிலிருந்து தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

“நீ எறங்காதம்மா, அப்டியே குந்து.” அப்பாவிடம், “பள்ளத்துல மெதுவா வுடுப்பா.”

அரிசி இருந்தது, அம்மா உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில்.

இன்று கண்ணாடியை இறக்கி, செக்போஸ்ட் மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “அந்த அரிசிலதான் உனுக்குப் பேர் வெச்ச அன்னிக்கி சோறு ஆக்குனேன். அந்த போலீஸ்காரருக்கு ஒரு வாய் போட்டிருக்கணும்னு இன்னும் தோணிக்கினே கீது.”

பிறகு என் தொப்பையைத் தட்டினாள்.

“இப்போ அவுரு இருந்தா உன்னியத்தான் எறங்கச் சொல்வாரு.”