மணிக்குப் பதில் அடிக்காத காலை

முருகனை நம்பி இருக்கும் உங்கள் எல்லாருக்கும் கல்கத்தா டாக்குரியாவில் இருந்து செண்பகத்தின் வணக்கம். போன தைக் கிருத்திகை அன்று காலையில் நான் என் கணவரை நடுவழியில் தொலைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் எனக்கு இந்த உலகத்தில் யாருமே இல்லை. தொலைத்ததற்குக் காரணம் என் வாய்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாலிகஞ்சில் மாதாமாதம் கிருத்திகைக்கு நாம் கூடிப் பாடும்போது, என் பக்கத்தில் பூவும் பழமுமாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்தான் சங்கரன். எனக்கு அத்தை மகன். அதனால் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகியும் எனக்கு அவர் அத்தான்தான். பாங்க் வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் சர்க்கரை ஏறிவிட்டது. டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னார். மற்றவர்கள் நடப்பார்கள். இவர் பவானிபூர் கடைக்குப் போய் இரண்டு கியர் சைக்கிள் வாங்கி வந்து நின்றார். ஒன்று எனக்காம். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. சிறுவயதில் கரக்பூர் ரயில்வே காலனியில் ஓட்டியதோடு சரி.

வீட்டுப் பக்கத்து ஏரியைச் சுற்றி விடிகாலையில் பழகினோம். திரும்பிப் பார்த்தால் எனக்கு ஹேண்டில் ஆடிவிடும், விழுந்துவிடுவேன். அதனால் அத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருத்தர் முன்னே, ஒருத்தர் பின்னே போகும்போது அவர் இரண்டு தடவை மணி அடிப்பார். வாரியா என்று அர்த்தம். நான் ஒரு தடவை அடிக்க வேண்டும். வாரேன் என்று அர்த்தம். சைக்கிளோடு வந்த மணி அவருக்குப் பிடிக்கவில்லை. பெரிய பித்தளை மணி ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினார். பால்காரர் வருகிறார் என்று நம் வாசலில் பாத்திரத்தோடு யாராவது வந்து நிற்கப்போகிறார்கள் என்று நான் கேலி செய்வேன். அது கோயில் மணி மாதிரி கனமாக ஒலிக்கும், அரை மைல் தள்ளியும் தெரியும்.

ஒரு வருஷம் பழகிய பிறகு, ஒடிசாவில் ஜகந்நாதர் இருக்கும் பூரி வரை சைக்கிளில் போவது என்று முடிவு செய்தோம். நாளுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். வழியில் கூடாரம் போட்டுத் தூங்குவது. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் கூடாரத்தை வாங்கி அனுப்பிவிட்டு, போனில் அரை மணி நேரம் எங்களைத் திட்டினாள். பையில் சின்ன அடுப்பு, ரவை, மருந்து எல்லாம் கட்டினோம். திருச்செந்தூர் இலை விபூதியை ஒரு டப்பாவில் போட்டு என் ஹேண்டில் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு இரவும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் தெரியுமா! மேதினிபூர்ப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளி மைதானத்தில் அனுமதி கேட்டுக் கூடாரம் அடித்தோம். அத்தான் கம்பியை மாற்றிச் சொருகிவிட்டு, கூடாரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்க, இதுதான் இப்போதைய மோஸ்தர் என்று என்னிடமே சாதித்தார். குளிரில் என் கால் இரண்டும் விறைத்துப் போயிருந்தன. தன் கம்பளியைக் கழற்றி என் காலில் சுற்றிவிட்டு, தனக்கு வேர்க்கிறது என்று பொய் சொன்னார். தை மாதப் பனியில் யாருக்கு வேர்க்கும்?

மூன்றாம் நாள்தான் தைக் கிருத்திகை. கல்யாணமான நாளில் இருந்து இருவரும் விரதம் இருக்கிறோம். பகலில் அரிசிச் சோறு கிடையாது. மாலையில் விளக்கேற்றிப் பலகாரம். அவருக்குச் சர்க்கரை வந்த பிறகு, காலையில் பாலும் வாழைப்பழமும் கொடுத்து, அதன் பிறகு மாத்திரை கொடுப்பேன். வீட்டில் மாத்திரை அட்டை என் கையில்தான் இருக்கும். பயணத்தில் அது அவர் சட்டைப் பையில் இருந்தது. இந்தச் சின்ன மாற்றம் எனக்கு உறைக்கவில்லை.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத பனிமூட்டம். ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்காரர் பொரியில் சூடான பட்டாணிக் குழம்பை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவதற்குள் இவர் ஒரு தட்டைக் கையில் வாங்கிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"இன்னைக்குத் தைக் கிருத்திகைன்னு தெரியாதா? ஒரு நாளு பொறுக்க முடியாதா உங்களுக்கு? சாமிய விட உங்களுக்கு வயிறுதான் பெருசாப் போச்சு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பேசவிடவில்லை. பத்து கிலோமீட்டரில் பஜார் வரும், அங்கே பாலும் பழமும் வாங்கித் தருகிறேன் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் தட்டைப் பலகையில் வைத்துவிட்டு, சர்க்கரை இல்லாத டீயை மட்டும் குடித்தார். அவர் சொல்ல வந்தது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. எழுந்ததும் எழாததுமாக, மற்ற நாள் பழக்க தோஷத்தில், வெறும் வயிற்றிலேயே மாத்திரையை விழுங்கியிருந்தார். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார்.

எப்போதும் அவர் முன்னால் போவார். அன்று கோபத்தில் நான் முன்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் பின்னால் இரண்டு மணி கேட்டது. வாரியா. நான் பதில் அடிக்கவில்லை. மறுபடியும் இரண்டு. அப்போதும் அடிக்கவில்லை. கொஞ்சம் வேதனைப்படட்டும் என்று இருந்தேன். மூன்றாவது தடவை ஒரே ஒரு மணிதான் கேட்டது, அதுவும் அரைகுறையாக. பிறகு சத்தமே இல்லை. அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

பஜாரில் பாலும் பழமும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். பால் ஆடை கட்டி ஆறிவிட்டது. அவர் நம்பருக்கு அழைத்தேன். என் ஹேண்டில் பையிலேயே மணி அடித்தது. இரண்டு போனையும் சார்ஜுக்காக என் பையில் ஒன்றாகப் போட்டிருந்தோம்.

சைக்கிளைத் திருப்பினேன். அது உயரமான கரைச்சாலை. இரண்டு பக்கமும் சரிவு, சரிவுக்குக் கீழே இறால் குட்டைகள். பனியில் குட்டை எது, வயல் எது என்று தெரியவில்லை. நூறடிக்கு ஒரு தடவை நின்று இரண்டு மணி அடித்தேன். அத்தான், அத்தான் என்று கூப்பிட்டேன். எதிரே வந்த லாரிக்காரர் ஒருவரை நிறுத்திக் கேட்டேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. அழுகையில் எனக்கு வங்காளமும் வரவில்லை, இந்தியும் வரவில்லை, தமிழில்தான் அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறேன்.

பாதி வழிக்கு மேல் வந்துவிட்டேன். ஆள் இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்தேன். விபூதி டப்பாவை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக எத்தனையோ வேண்டியிருக்கிறேன். அது கிடைத்தால் இத்தனை விரதம் கூடுதலாக இருக்கிறேன், இத்தனை நாள் உப்பில்லாமல் சாப்பிடுகிறேன் என்றுதான் எப்போதும் வேண்டுவேன். அன்று என் வாயில் வந்தது வேறு.

"முருகா, அவுகள நான் பட்டினி போட்டுட்டேன். உன் பேரச் சொல்லிப் போட்டுட்டேன். இனிமே போட மாட்டேன். இந்த விரதத்த நீயே எடுத்துக்கோ. எனக்கு அந்த மணிச் சத்தம் ஒரு தடவை கேட்டாப் போதும்."

கண்ணை மூடிக்கொண்டு இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கேட்டது.

நிஜமாகவே கேட்டது. ஆனால் அவர் அடிக்கிற மாதிரி இல்லை. இரண்டு இரண்டாக இல்லாமல், பள்ளிக்கூடம் விடுகிற மாதிரி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அடிப்பது யாராக இருந்தாலும் மணி அந்தப் பித்தளை மணிதான். நான் செருப்பு ஒரு பக்கம் போக, சத்தம் வந்த திசையில் ஓடினேன்.

சரிவில் சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் மண்டியிட்டு, ஒரு கையால் மணியை அடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை என் அத்தானின் தலையைத் தாங்கியிருந்தது. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. சட்டை முழுக்க வேர்வை. தண்ணீருக்கும் அவர் காலுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது.

"காந்த்பேன் நா, தீதி. பேன்ச்சே ஆச்சே."

அழாதீங்க அக்கா, உயிரோட இருக்கார் என்றாள். அவள் பெயர் மாலதி. பக்கத்துக் கிராமத்தில் ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சி வெல்லம் எடுக்கிறவர்கள். பானையில் புது வெல்லப் பாகை எடுத்துக்கொண்டு பஜாருக்குக் குறுக்கு வழியில் போயிருக்கிறாள். முனகல் கேட்டு இறங்கிப் பார்த்திருக்கிறாள். கை வைத்துப் பார்த்தால் உடம்பு ஜில்லென்று இருக்கிறது, வேர்த்து ஊற்றுகிறது. அவள் மாமியாருக்கும் சர்க்கரை. இது அதுதான் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கேட்டதற்குத் தலையாட்டவும், விழுங்கவும் இவருக்கு அப்போது நினைவு இருந்தது. விரலில் தொட்டுத் தொட்டுப் பாகை அவர் நாக்கில் தடவியிருக்கிறாள். தனி ஆளாகத் தூக்க முடியவில்லை, கூப்பிட்டால் பனியில் யாருக்கும் கேட்கவில்லை, அதனால் மணியை அடித்திருக்கிறாள்.

நான் அவர் நெற்றியில் விபூதியைப் பூசினேன். கண்ணைத் திறந்தார். உதடெல்லாம் வெல்லம். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்.

"செண்பகம், விரதம் முறிஞ்சு போச்சு. கோவிச்சுக்காத."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சேற்றில் உட்கார்ந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மாலதியின் பானையில் இருந்து நானே விரலால் எடுத்து ஊட்டினேன். தைக் கிருத்திகை அன்று, காலை எட்டரை மணிக்கு.

வண்டி பிடித்து அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டதாம். அந்த வெல்லம் மட்டும் உள்ளே போகாமல் இருந்திருந்தால், நீங்கள் வரும்போது நினைவே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். தோளில் அடி, மற்றபடி ஆபத்து இல்லை. அன்று மாலையே விட்டுவிட்டார்கள். மாலதி எங்களை வேறு எங்கும் போகவிடவில்லை. அவள் வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டு நான்கு நாள் தங்கினோம். பூரி அந்தத் தடவை கிடைக்கவில்லை. ரயிலேறி வீடு திரும்பி, பங்குனியில் மறுபடி போய், விட்ட இடத்தில் இருந்து மிதித்துக் கடலைப் பார்த்தோம். போகிற வழியில் மாலதிக்கு நம் ஊர் முறுக்கு கொண்டு போனேன்.

பனியில் ஒரு பெண் அந்த வழியாக வந்தது தற்செயல் என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும். தினமும் அவள் போவது பெரிய ரோடு வழியாக. அன்று மட்டும் ஏன் குறுக்கு வழியில் வந்தாள் என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும். என் விரதத்தை நீயே எடுத்துக்கொள் என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே, அவன் வெல்லப் பானையோடு ஆளை அனுப்பி அதை எடுத்துக்கொண்டுவிட்டான்.

இப்போது எங்கள் வீட்டில் கிருத்திகை அன்று விளக்கேற்றும் முன்பே அத்தானுக்கு இட்லி. சொந்தத்தில் ஒன்றிரண்டு பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள். என் விரதம் நான் இருக்கிறேன், அவரை இழுப்பதில்லை. முருகனுக்கு வைக்கும் நைவேத்தியத்தில் ஈச்ச வெல்லம் ஒரு துண்டு கட்டாயம் இருக்கும்.

இதைக் கேட்கிறவர்களில் யாருக்காவது கஷ்டம் இருக்கலாம். தப்பு நம் மீது இருக்கிறதே, எந்த முகத்தோடு சாமியிடம் கேட்பது என்று தயங்கலாம். தயங்காதீர்கள். நான் தப்பு செய்த கையோடுதான் கேட்டேன், தப்பைச் சொல்லித்தான் கேட்டேன். அவன் தள்ளவில்லை. உங்களையும் தள்ளமாட்டான்.

நேற்றுகூட எங்களுக்குள் சண்டை. காய் வாங்கிய விஷயம், சொல்லி முடியாது. நான் அடுக்களையில் பேசாமல் இருந்தேன். அந்தப் பித்தளை மணியை இப்போது அவர் பால்கனிக் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து இரண்டு மணி கேட்டது. கோபம் தீரவில்லைதான். ஆனாலும் கரண்டியை எடுத்து, குழம்புச் சட்டியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன்.