துரை விட்டுப்போன கோத்திரம்

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் அதற்குக் கொடுத்த மரியாதையே போதும், காகிதத்திலும் கொடுக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் குடும்பங்கள் மட்டும் வைத்திருக்கும் அபூர்வமான குடும்பப் பெயர் அது. அதையே பர்மாவின் யாங்கூனில், போட்டாதாங் ஆற்றோரக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில், கறுத்த நெற்றியில் விபூதியும் பூசிக்கொண்டு நாங்கள் சுமந்துகொண்டிருந்தோம்.

எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்களைக் கேங்கு கேங்காகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு கேங்குக்கும் மேலே ஒரு கிடங்குத் துரை. “நீ யார் ஆளு?” என்று கேட்டால் துரையின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கூலி. துரை ஒருநாள் கப்பலேறித் தன் ஊருக்குப் போய்விட்டார். பெயரை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. அப்பனுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு வேறொரு பெயர், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் ஒரு பர்மியப் பெயர் உண்டு, வீட்டில் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயர் உண்டு. துரையின் பெயரைக் கல்யாணம் பேசும்போதும் கோவிலிலும் மட்டும்தான் வெளியே எடுப்போம். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு கோத்திரம் கேட்பார். அப்பா கையைக் கூப்பியபடி அந்த இங்கிலீஷ்காரனின் பெயரைச் சொல்வார். குருக்களும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அதை மந்திரத்துக்கு நடுவில் செருகி மணியை ஆட்டுவார். சின்ன வயதில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அம்மா தொடையில் கிள்ளுவாள்.

கோத்திரம் என்று ஆன பிறகு அதற்குரிய சட்டமும் கூடவே வந்துவிட்டது. ஒரே பெயர்க்காரர்கள் பங்காளிகள். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் இன்னொருவர் வீட்டில் தீட்டு. ஒருவர் வீட்டுப் பெண்ணை இன்னொருவர் கட்டக் கூடாது, அண்ணன் தங்கை முறை. ஊர், சாதி, சொந்தக் குலதெய்வம் எல்லாம் கடலைத் தாண்டும்போது கரைந்துபோனவர்கள், ஒரு துரையின் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

எண்பத்தெட்டில் ஆட்சிக்கு எதிராகக் கலவரம் வந்தபோது எங்கள் தெருவில் கடைகள் திறக்கவில்லை. அரிசி இல்லை. நகரத்தின் மேற்கே க்யிம்யிண்டைங்கில் இருந்த ஒரு பங்காளி வீட்டுப் பையன், படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தவன், தோளில் அரிசியைச் சுமந்துகொண்டு அங்கிருந்து நடந்தே வந்தான். வழியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஒரு மடத்துக்குள் ஒளிந்திருந்ததாகச் சொன்னான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “பங்காளின்னா இதுதான்டா” என்றார். அதற்குப் பிறகு அவன் அரிசி இல்லாமலும் வர ஆரம்பித்தான். எதற்காக வந்தான் என்று எனக்கும் அவனுக்கும் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து அவன் வீட்டார் வெற்றிலை பாக்கோடு வரவில்லை. வர முடியாது, பங்காளி வீடு. அவனே வந்து அப்பாவிடம் நேராக என்னைப் பெண் கேட்டான். அப்பா அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், குடிக்கிற வரை காத்திருந்தார், பிறகு வாசலைக் காட்டினார்.

அவன் படி இறங்கிப் போன சத்தம் அடங்குவதற்குள் நான் அப்பா முன்னால் போய் நின்றேன்.

“அவங்க நமக்குச் சொந்தமே இல்லப்பா. அவங்க ராமநாதபுரம், நாம தஞ்சாவூரு. ஒரே தொரைகிட்ட மூட்டை தூக்கினவங்க, அவ்வளவுதான்” என்றேன்.

அறை விழுந்தது. அதுவரை அப்பா என்னை அடித்ததில்லை.

“கோத்திரத்தப் பத்தி நீ பேசுறியா? அண்ணன் மொறை உள்ளவன! வாயில வரலாமா இது?” என்று கத்தினார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

நான் விடவில்லை. அந்த வருடம் முழுக்க அதையே சொன்னேன். சாப்பாடு போடும்போது சொன்னேன், துணி காயப்போடும்போது சொன்னேன். அண்ணனிடம் சொன்னேன், அவன் தன் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கவே நேரமில்லை என்று ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவுக்குக் குடிபோய்விட்டான். கோவிலில் குருக்களிடம் போய், ஒரு இங்கிலீஷ்காரன் எந்த ரிஷியின் வம்சம் என்று கேட்டேன். அவர் தீபாராதனைக்கு நேரமாகிவிட்டது என்றார். அப்பாவிடம் ஒன்றும் எடுபடவில்லை. அரிசிக்குப் பங்காளி, அது சரி. அவன் தோள் வலிக்கச் சுமந்து வந்ததைத் தின்னும்போது யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை.

அவனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு அப்பா பங்காளி முறையில் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். எனக்கு வந்த வரன்களை எல்லாம் நான் ஒவ்வொன்றாக விரட்டினேன். காரணம் கேட்டவர்களிடம் என் கோத்திரம் உங்களுக்கு ஒத்துவராது என்றேன். அரசாங்கம் பல்கலைக்கழகத்தை மூடித் திறந்து மறுபடி மூடியதில் என் படிப்பு பாதியில் நின்றது. வீட்டிலேயே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்தேன். அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பாவுக்குச் சமைத்துப் போட்டேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைப் பெரிய தியாகம் என்று சொந்தக்காரர்கள் புகழ்ந்தார்கள். அது கோபம். அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

பிறகு அண்ணன் மகள் நகரத்துக்குள் வேலை கிடைத்து எங்களோடு வந்து தங்கினாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேசுவது பாதி பர்மியமாக இருக்கும். தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிய கன்னத்தோடு ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தான் ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். எந்த வீடு என்று கேட்டேன். சொன்னாள். அரிசி சுமந்து வந்தவனுடைய அண்ணன் மகன்.

நான் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

“தாத்தா ஏன் முடியாதுன்றாரு அத்தை? ஓடிப்போயிடலாம்னு அவன் சொல்றான்” என்றாள். என்னிடம் வருவதற்கு முன்பே அவள் அப்பாவிடம் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது, அப்பா அதற்குள் அவளிடமும் கோத்திரப் பாட்டைப் பாடி முடித்திருந்தார். ஓடிப்போனால் தன் ஈமக் காரியத்துக்குக்கூட அவள் வரக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அவளுக்கு அவர் மேல் உயிர். ஓடிப்போகவும் மனமில்லை, விடவும் மனமில்லை. ராத்திரிச் சோற்றை அளைந்துகொண்டே இருப்பாள். என்னையே எனக்கு எதிரில் உட்காரவைத்துச் சோறு போடுவது மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இங்கிலீஷ்காரர் வந்தார்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் கப்பல் வேலைக்குப் போனவன், இங்கிலாந்தில் ஏதோ துறைமுகத்துக் கடையில் வாயாடியபோது, தங்கள் கோத்திரம் இன்னது என்று பெருமையடித்திருக்கிறான். அது எப்படியோ இந்த மனிதர் காதுக்கு எட்டிவிட்டது. ஓய்வு பெற்றவர். அவருக்கும் அதே பெயர். உலகத்தில் அந்தப் பெயர் உள்ளவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தேடி வரைபடத்தில் புள்ளி ஒட்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. சுற்றுலா விசாவில் வந்து விசாரித்துக்கொண்டு எங்கள் படியேறிவிட்டார். பட்டாள ஆட்சியில் வெள்ளைக்காரர் வீட்டுக்கு வந்தது பேட்டை அதிகாரி காதுக்குப் போகுமே என்று எனக்குப் பயம். அப்பாவுக்கு ஒரு பயமும் இல்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நல்ல லுங்கி கட்டிக்கொண்டு, சம்பந்தி வந்த மாதிரி நின்றார். மீன் குழம்பு ஊற்றிய மொய்ங்கா வாங்கிவரச் சொன்னார். நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். அண்ணன் மகள் கதவோரம் நின்றாள்.

அவர் வரைபடத்தைத் தரையில் விரித்தார். இங்கிலாந்தின் வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் சிவப்புப் புள்ளிகள் அம்மை போட்ட மாதிரி அப்பிக் கிடந்தன. அங்கே ஓர் ஓடை வளையும் இடத்தில் இருந்த பண்ணையின் பெயர்தானாம் அது. பண்ணையில் இருந்தவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. நூற்றாண்டுக் கணக்கில் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. கம்பளி ஆலை வந்தபோது சிலர் பக்கத்து ஊருக்குப் போனார்கள், சிலர் கனடாவுக்கு, ஒரு குடும்பம் நியூசிலாந்துக்கு. எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். யாங்கூன் மேல் ஒரே ஒரு புள்ளி, பக்கத்தில் கேள்விக்குறி. மனிதர்களை இத்தனை ஆசையாகத் தேட அவருக்கு நேரமும் பணமும் இருந்தது. எங்களுக்கோ, தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் பாட்டன் புறப்பட்டு வந்த கிராமத்தின் பெயர்கூட நிச்சயமாகத் தெரியாது. அதற்கும் கோபம் வந்தது எனக்கு.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டார். இங்கே வேலை பார்த்த துரை கல்யாணமாகாமலே ஊர் திரும்பி அங்கேயே இறந்தார். அவருக்கு இங்கே, இந்தக் குடும்பங்களில், பிள்ளை யாராவது உண்டா?

நான் ஒரு சொல்லையும் மென்று விழுங்காமல் அப்பாவிடம் அப்படியே சொன்னேன்.

“சீச்சீ! எங்க வீட்டுப் பொம்பளைங்களப் பத்தி என்ன கேக்குறாரு இவரு? இல்லன்னு சொல்லு! நாங்க மூட்டை தூக்கினவங்க, மானம் கெட்டவங்க இல்லன்னு சொல்லு!” என்றார் அப்பா.

சொன்னேன். இங்கிலீஷ்காரர் முகம் தொங்கிவிட்டது. அப்போது என் கேள்வியை நானே கேட்டேன். இந்தப் பெயரை வைத்திருக்கும் எங்கள் குடும்பங்களாவது ஒன்றுக்கொன்று உறவா? அவர் யோசிக்கவே இல்லை. அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை, ஒரே ஆளிடம் வேலை செய்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்றார்.

அப்பா பக்கம் திரும்பினேன். மொழிபெயர்க்க வாயைத் திறந்தபோது வேறு வார்த்தை வரவில்லை.

“அவங்க நமக்குச் சொந்தமே இல்லையாம். ஒரே தொரைகிட்ட மூட்டை தூக்கினவங்க, அவ்வளவுதான்னு சொல்றாரு.”

அப்பா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்புப் புள்ளிகளை, அந்த ஓடையை. பிறகு இங்கிலீஷ்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பெரிய டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி.

“அவரு பேரு. அவரே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன?” என்றார். கதவுப் பக்கம் திரும்பி, “அம்மாடி, அந்தப் பையன் வீட்டுல வந்து பேசச் சொல்லு” என்றார்.

அண்ணன் மகள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். இங்கிலீஷ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே யாங்கூன் மேல் இருந்த புள்ளியை நகத்தால் சுரண்டி எடுத்தார். அது பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. நான் அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்ணுக்கு நல்லது நடந்துவிட்டது. நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் அந்த மனிதரைப் படியிலிருந்து தள்ள வேண்டும் போலிருந்தது, அப்பாவையும் சேர்த்து. அதே வாக்கியம், அதே வீடு, அதே வாய். அன்றைக்கு அதற்கு அறை கிடைத்தது. இன்றைக்கு அது வெள்ளைக்காரர் சொன்னது.

அடுத்த வாரம் பையன் வீட்டார் தட்டோடு வந்தார்கள். கூட அவனும் வந்தான், பையனுக்குச் சித்தப்பா என்ற முறையில். முன்நெற்றி ஏறி, கண்ணாடி போட்டிருந்தான். அன்றைக்குத் தண்ணீர் குடித்த அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்தான். இங்கிலீஷ்காரர் கொடுத்துவிட்டுப் போன வரைபடத்தின் பிரதி அவன் தலைக்கு மேல் சுவரில் மாட்டியிருந்தது. அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். நாள் குறித்தார்கள். நான் ஊறவைத்த தேயிலை லப்பெத்தும் தேநீரும் தட்டில் வைத்து எடுத்து வந்தேன்.

அப்பா அவன் தோளைத் தொட்டார், அரிசி சுமந்த அதே தோளை.

“மனசுல வச்சுக்காதீங்க தம்பி. அன்னைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்?” என்றார்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நான் தட்டை அப்பா முன்னால் வைத்தேன். தேநீர் தளும்பி அவர் லுங்கியில் தெறித்தது.

“எனக்குத் தெரியும். இதே எடத்துல நின்னு சொன்னேன்” என்றேன்.