வக்கீல் ஐயா கேட்காத வழக்கு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் ஒரு ஜட்ஜைப் பற்றி எழுதுவதா? அப்பாவைக் கோபக்காரர் என்று நினைத்துவிடுவீர்களோ என்ற பயம் வேறு...

போன வாரம் உத்திரமேரூரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் பெருமையாகச் சொன்னார் — "உங்க அப்பா கேசை வக்கீல் ஐயாதானே ஜெயிக்க வெச்சாரு? ஓட்டுப் போட்டவங்கள வுட்டுக் குடுக்காத மனுஷன்."

புகழ்ச்சியாகத்தான் சொன்னார். எனக்கோ அது பழியாகப் பட்டது. இனியும் சும்மா இருந்தால் பெருமாளுக்கே அடுக்காது.

வக்கீல் ஐயா எங்கள் தொகுதியின் அந்தக் கால எம்.எல்.ஏ. ஐம்பதுகளில் மாட்டு வண்டியில் ஊர் ஊராக வந்து ஓட்டுக் கேட்டவர். எங்கள் வீட்டில் கூழ் குடித்திருக்கிறார். அப்போதெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. அப்பா சீட்டை அவர் பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். அதை வெளியே வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தார். ரகசிய ஓட்டாவது ஒன்றாவது!

அறுபதுகளில் அவரை ஜட்ஜாகப் போட்டார்கள். கட்சியை விட்டார், மேடையை விட்டார். நாங்கள் மட்டும் 'வக்கீல் ஐயா'வை விடவில்லை.

அந்தச் சமயம்தான் எங்களுக்கு வாய்க்கால் தகராறு. மேல் கழனிக்காரர் கண்ணப்பன் — எலெக்‌ஷனில் எதிர்க்கட்சிக்கு வேலை செய்தவர் — ஏரித் தண்ணீர் எங்கள் கழனிக்கு வரும் வாய்க்காலை அடைத்துவிட்டார். அது தன் சொந்த வாய்க்கால் என்றார். கீழ்க் கோர்ட்டில் தோற்றோம். அப்பீல் போட்டோம். அது யாரிடம் வந்தது தெரியுமா? வக்கீல் ஐயாவிடமே!

அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோயிலில் அர்ச்சனை செய்தார். வேண்டியவர்களுக்குப் பிரசாதம் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். தேங்காய், பழம், துளசியோடு தட்டை ஏந்திக்கொண்டு செங்கல்பட்டில் ஜட்ஜ் வீட்டுக்கே போய்விட்டார்! எனக்குக் கல்யாணமாகியிருந்த புதுசு. நானும் கூடப் போனேன். இதில் தப்பு என்ன என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வக்கீல் ஐயா வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் துளசியை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார்.

"நம்ம வாய்க்கா கேசு உங்க கையிலதான் கீதாமே. பெருமாளே வழி வுட்டுட்டாரு" என்றார் அப்பா.

அவர் முகம் மாறியது. அந்த வழக்கைத் தான் விசாரிக்கப் போவதில்லை, வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி ஏற்கெனவே எழுதியாயிற்று என்றார்.

"ஓட்டு கேக்க எங்க வூட்டாண்ட வந்தீங்க. இப்ப எங்களுக்கு ஒண்ணுன்னா ஒதுங்கிக்கினா இன்னா அர்த்தம்?"

"ஓட்டு கேட்டு வந்தேன் பாருங்க... அதனாலதாண்ணே ஒதுங்கறேன்."

தேங்காயும் பழமும் எங்களோடு பஸ் ஏறி ஊருக்குத் திரும்பின.

வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போய் மெதுவாக நடந்தது. அந்தப் போக நாற்று கண்ணெதிரே கருகியது. நெல் விலைக்கு வாங்கித் தின்றோம். வக்கீல் ஐயா பேரை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். தப்பு சொல்ல முடியுமா? காய்ந்தது அவர் பயிரல்லவா?

கடைசியில், எங்கள் யாரையும் தெரியாத ஒரு ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். வாய்க்கால் பொது. ஜெயித்துவிட்டோம். ஆனால் கண்ணப்பன் விடுவாரா? மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போவார் என்றுதான் ஊரே நினைத்தது.

மறுநாள் மண்வெட்டியோடு வந்து அடைப்பை அவரே வெட்டிவிட்டார். அப்பா நம்ப முடியாமல் வரப்பிலேயே நின்றார்.

"உங்க வக்கீல் எழுதின தீர்ப்பா இருந்தா, கழனிய வித்தாவது மெட்ராஸ் போயிருப்பேன்" என்றார் கண்ணப்பன். "இவரு எனக்கும் மாமன் இல்ல, உனக்கும் மச்சான் இல்ல. இன்னான்னு சண்ட போடறது? பாச்சிக்கோ."

அப்பா அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போனார். வக்கீல் ஐயா பேருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னார். பட்டர் நட்சத்திரம் கேட்டார். அது யாருக்குத் தெரியும்? "பெருமாள் நட்சத்திரத்துக்கே பண்ணிடுங்க சாமி" என்றார் அப்பா.

அந்தப் பிரசாதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று நான் கேட்டேன். அவர் ஜட்ஜாக இருக்கும்வரை நம் வீட்டிலிருந்து யாரும் அந்தப் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஏறவும் இல்லை.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள் — வக்கீல் ஐயா எங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை.