நட்டின் மேல் ஒரு நீலக் கோடு

பாலாவியில் இப்றாஹிம் மாமாவின் வீட்டில் எது பழுதாகிப்போனாலும் ஒரே வசனம்தான் கேட்கும். "ஹஸனக் கூப்பிடு." தண்ணீர் மோட்டார் உறுமினாலும், ஃபிரிட்ஜ் குளிராவிட்டாலும், ஃபேன் நின்றுபோனாலும் அதே வசனம். மூத்த மருமகன் ஹஸனுக்கு அது பதினான்கு வருடமாகச் சோற்றைவிட ருசித்தது.

ருசிக்காமல் என்ன செய்யும்? வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டில், ஆறு வயதில், எருக்கலம்பிட்டியில் வள்ளத்தில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவன் அவன். ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, புத்தளத்தில் ஒரு ஃபிரிட்ஜ் கடையில் தொழில் பழகினான். அகதி வரிசையில் அவனுக்கு இருந்தது ஓர் இலக்கம் மட்டுமே. றைஸாவைக் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு வீடே அவனைப் பெயர் சொல்லித் தேடியது.

அந்த வசனத்தைப் பறிப்பதற்கென்றே வந்தவன்போல, போன வருடம் கத்தாரிலிருந்து மின்ஹாஜ் வந்து இறங்கினான். றைஸாவின் தங்கை ஃபஸ்னாவின் கணவன், ஹஸனின் சகலன். அவனும் ஏசி வேலைக்காரன்தான். வாயைத் திறந்தால் "கத்தார்ல எண்டா" என்றுதான் தொடங்குவான். மாமியும் பிள்ளைகளும் கன்னத்தில் கை வைத்துக் கேட்பார்கள். ஒருநாள் சாப்பாட்டில், கத்தாரில் நட்டு இறுக்கும் முறையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான். ஹஸன் பாதியிலேயே எழுந்து கை கழுவப் போய்விட்டான். அந்தக் கதையைக் கடைசிவரை கேட்டிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

இருவரின் கையும் வேறு வேறு. ஹஸன் குழாயைப் பூட்டியதும் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் காற்றை ஊதித் தள்ளுவான். பிறகு கேஸ் அடித்துக்கொண்டே தடித்த குழாயை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பான். குழாய் வேர்த்தால் வேலை முடிந்தது. பழைய மெஷின்களில் அந்தக் கை அவனைக் கைவிட்டதில்லை. மின்ஹாஜ் பம்பை மாட்டி, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரம் உறிஞ்சி எடுப்பான். பிறகு பம்பை மூடிவிட்டு, மீட்டரில் தெரியும் எண்ணைப் பார்த்தபடி இன்னும் அரை மணி நேரம் சும்மா குந்தியிருப்பான். எண் ஏறாவிட்டால் எங்கும் ஓட்டை இல்லை. அதற்குப் பிறகுதான் கேஸ், அதுவும் தராசில் நிறுத்து.

இந்த நேரத்தில்தான் இப்றாஹிம் மாமாவுக்குக் கொழும்பில் நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. வெயிலும் வெக்கையும் அவருக்கு ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாமாவின் அறைக்குப் புது ஏசி வந்து இறங்கியது. மறுநாள் அவர் வீடு திரும்புமுன் அறை குளிர்ந்திருக்க வேண்டும்.

பெட்டியைப் பார்த்த மாமி வாசலில் நின்று சொன்னார்.

"மின்ஹாஜக் கூப்பிடு."

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஹஸனின் கையிலிருந்த தண்ணீர் அப்படியே விரலிடுக்கால் ஒழுகிப்போனது. புது மாதிரி மெஷின், அவருக்குத்தானே தெரியும் என்று மாமி சமாதானம் சொன்னார். உண்மைதானே என்றாள் றைஸா. கட்டிய மனைவியே சொன்ன அந்த ஒரு சொல், மாமியின் வசனத்தைவிட ஆழமாக இறங்கியது.

பின்னேரம் வெளிச்சுவரில் பெட்டியைப் பூட்டி, குழாய்களை இணைத்து, மின்ஹாஜ் காற்றை உறிஞ்சி முடித்தான். மீட்டரில் எண் முந்நூறில் நின்றது. உப்பளத்துக் காற்று முற்றத்தில் சுழன்றடித்தது. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

"நீங்க ஜமாஅத்துக்குப் போங்க. நான் இதப் பாத்துக்கிறன்" என்றான் ஹஸன்.

மின்ஹாஜ் நன்றியோடு தலையாட்டிவிட்டுப் போனான்.

தொழுகைக்குப் போகாமல் ஹஸன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை. ஏறு, ஏறித் தொலை என்று மனம் மன்றாடியது. எண் முந்நூறிலேயே நின்று அவனைப் பார்த்துச் சிரித்தது. ஹஸது, அந்தப் பொறாமை, செய்த நல்ல அமல்களையெல்லாம் தின்றுவிடும் என்று மத்ரஸாவில் ஓதியவன்தான். ஆனாலும் கை நட்டுச் சாவியைத் தேடியது. தடித்த குழாயின் நட்டை ஒரு நூலளவு தளர்த்தினான். எண் நானூறானது. எழுநூறானது. பிறகு ஓடத் தொடங்கியது.

மின்ஹாஜ் திரும்பி வந்தபோது மாமியும் றைஸாவும் பிளேன்ரீக் கோப்பைகளோடு முற்றத்தில் நின்றார்கள். அவன் மீட்டரைப் பார்த்தான். குனிந்து நட்டின் அடிப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நிமிர்ந்து மூத்த சகலனை அழைத்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை.

"நானா, எங்கயோ லீக் ஒண்டு இருக்கு. உங்கட கைக்குத்தான் அது புடிபடும்."

ஹஸனுக்கு உள்ளே இனித்தது. மாமி பார்த்துக்கொண்டிருக்கிறார், றைஸா பார்த்துக்கொண்டிருக்கிறாள். மின்ஹாஜ் நைதரசன் சிலிண்டரை மாட்டிக் குழாய்க்குள் அமுக்கம் ஏற்றினான். ஹஸன் சவர்க்கார நுரையை எடுத்து, தேடுவதுபோல ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டு வந்தான். தளர்ந்த நட்டில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது.

"இந்தா" என்று சொல்லக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

நட்டின் அடியில் நீலப் பேனாவால் போட்ட ஒரு கோடு. பாதி நட்டின் மேலும், மறுபாதி நட்டுப் பூட்டிய பித்தளையின் மேலும் இருந்தது. ஒரே இழுப்பாகப் போட்ட கோடு இப்போது இரண்டு துண்டாக விலகி நின்றது. அன்று சாப்பாட்டில் கேட்காமல் எழுந்துபோன கதை இதுதான். இறுக்கியதும் கோடு போட வேண்டும். பிறகு நட்டை யாராவது அசைத்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

நிமிர்ந்தான். மின்ஹாஜ் எல்லாம் தெரிந்த கண்களோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து நீட்டினான்.

"இறுக்கிட்டு, கோட்ட நீங்களே போடுங்க நானா."

அதற்குப் பதில் அவன் ஓர் அறை அறைந்திருக்கலாம்.

ஹஸன் நட்டை இறுக்கினான். போட்ட கோடு நேராக வரவில்லை. அதற்குள் மாமி கொழும்புக்கு டெலிபோன் எடுத்துவிட்டார். என்ன இருந்தாலும் மூத்தவன் கை பட்டாத்தான் சரி, மின்ஹாஜுக்குப் பிடிபடாத லீக்கை ஹஸன் பிடித்துவிட்டான் என்று மாமாவிடம் பெருமை பேசினார். எத்தனை நாள் ஏங்கிய வார்த்தைகள். இப்போது ஒவ்வொன்றும் சுட்டது.

ஹஸன் டெலிபோனைக் கேட்டு வாங்கினான்.

"மாமா, மின்ஹாஜ்ட வேலையில பிழ இல்ல. நட்டத் தளத்தினது நான்தான்."

மாமியின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேநீர் மணலில் கொட்டியது. றைஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கு ரூம் குளிருமா?" என்றார் மாமா.

"குளிரும் மாமா. அவர் திரும்ப முதல்லருந்து செய்வார்."

"அப்ப நீ பக்கத்தில இருந்து பாரு."

மின்ஹாஜ் மீண்டும் காற்றை உறிஞ்சினான். மீண்டும் அரை மணி நேரக் காத்திருப்பு. இந்த முறை இருவரும் சேர்ந்து குந்தியிருந்தார்கள். எண் அசையவில்லை. நீளக் குழாய்க்குத் தேவையான கேஸைத் தராசு பார்த்து ஏற்றி, மெஷினை ஓடவிட்டான். ஹஸன் பழக்க தோஷத்தில் தடித்த குழாயைப் பொத்திப் பிடித்தான். அது வேர்த்திருந்தது.

மறுநாள் மாமா வந்து அந்தக் குளிரில் கண்ணயர்ந்தார். றைஸா மூன்று நாள் ஹஸனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது பழுதானாலும் மாமி "மின்ஹாஜக் கூப்பிடு" என்றுதான் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் ஹஸனுக்கு நெஞ்சு எரியத்தான் செய்கிறது. அதை அவன் யாரிடமும் மறைப்பதுமில்லை.

காலையில் வேலைக்குப் புறப்படும்போது மட்டும் வெளிச்சுவரடியில் நின்று, குனிந்து, நட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவான். அன்று அவன் போட்ட கோடு, கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது. ஆனால் விலகவில்லை.