ரஷ்யாவரை கேட்ட ஏரியல்

பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்குக் கொங்கிரீட் ஸ்லாப் போடுவதற்காகப் பலாமரத்தை வெட்டியபோது, என் ரேடியோவின் ஏரியல் கம்பியும் கூடவே கீழே வந்தது. மரம் அவருடையது, அதில் கட்டியிருந்த கம்பி மட்டும்தான் என்னுடையது. சண்டை போட வழியில்லை.

அலுவிகாரையில் எனக்கிருக்கும் துண்டு நிலத்தில் அந்த நீளக் கம்பியை இழுக்க வேறு மரம் கிடையாது. ஏரியலையே கம்பம்போல் நட்டு வைக்கலாம் என்றால், நான் பேசும் எண்பது மீற்றர் அலைக்கு இருபது மீற்றர் உயரம் வேண்டும். கையில் இருந்தது ஏழு மீற்றர் அலுமினியக் குழாய். மிச்ச உயரத்துக்குப் பதிலாக, பிவிசி குழாயில் செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி அலையை ஏமாற்றினேன். குள்ள ஏரியலின் சக்தியை மண் தின்றுவிடும் என்பதால் தோட்டமெங்கும் கம்பிகளைப் புதைத்தேன். மனைவி வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"கொடிக்கம்பம் நல்லாத்தான் இருக்கு. எந்தக் கட்சின்னு சொல்லிட்டீங்கன்னா கொடி தச்சுருவேன்."

இத்தனையும் வில்கமுவையிலிருக்கும் ஒரு நண்பருக்காக. வயல்காரர், என்னைப் போலவே லைசன்ஸ் எடுத்து ரேடியோவில் பேசும் பைத்தியம். புற்றுநோய்க்காக அவர் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நேரில் போனால் கழுத்துத் துணியைச் சரிசெய்தபடியே இருப்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரேடியோவில் அந்தச் சங்கடமில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு நான் வாயால் பேசுவேன். அவர் ஆங்கில எழுத்துகளில் தமிழை மோர்ஸாகத் தட்டுவார். இனிச் செய்ய ஒன்றுமில்லையென்று டொக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு, அவருக்கு மிச்சமிருந்த பேச்சு அது ஒன்றுதான்.

கம்பம் ஏறிய மாலையில் ரஷ்யாக்காரன் ஒருவன் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்டான். வில்கமுவையிலிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்து பல்புகளும் சார்ஜர்களும் போட்ட இரைச்சல்தான் கேட்டது. அப்போது நண்பரின் மகள் போனில் கோல் எடுத்தாள்.

"அங்கிள், நீங்க பேசுறது வாப்பாவுக்குக் கேக்குதாம். அவர் தட்டுறது உங்களுக்குக் கேக்குதான்னு கேக்கச் சொல்றாரு."

"கேக்குது மகள். ரொம்ப கிளியர்னு சொல்லுங்க."

மைக்கிலும் அதையே இரண்டு தடவை, சிரித்துக்கொண்டு சொன்னேன்.

நட்டு வைத்த ஏரியல் தொடுவானத்தை ஒட்டித்தான் பேசும், கேட்கும். வில்கமுவைக்கும் எனக்கும் நடுவே மலைத்தொடர். என் குரல் அவருக்குக் கேட்டதே அங்கே இரைச்சல் இல்லாததால்தான். மலையைத் தாண்ட அலை நேரே மேலே போய்த் திரும்பி விழ வேண்டும். அதற்குத் தாழக் கட்டிய கிடைக்கம்பி போதும். லைசன்ஸ் பரீட்சையில் இதை எழுதிப் பாஸானவன் நான்.

மறுநாள் மரத்தோடு விழுந்த பழைய கம்பியைத் துணிக்கொடியோடு சேர்த்து, வீட்டைச் சுற்றிக் கூரையோரமாக வளைத்துக் கட்டினேன். மனைவி ஈரத்துணிகளை உள்ளே எடுத்துப் போனாள்.

மாலையில் அவருடைய தட்டல் வந்தது. மெலிந்து, நடுநடுவே நின்று, எழுத்தெழுத்தாக.

"நேத்து நான் தட்டுனது உங்களுக்கு வரலதானே. திரும்பக் கேக்குறேன். என் ஜனாஸாவுக்கு வருவீங்களா?"

தன் நல்லடக்கத்துக்குக் கூப்பிட்ட இந்தக் கேள்விக்குத்தான் முந்தைய நாள் ரொம்ப கிளியர் என்று சிரித்திருக்கிறேன்.

மைக்கை அமுக்கி, வர்றேன் என்றேன். அவர் திரும்பத் தட்டினார்.

"பஸ் கொறவு. வெள்ளனவே கெளம்புங்க."